மூன்று தோள்

குளத்தூருக்குத் தெற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் பந்தல்காரனுக்குப் போகும், அடுத்தது மருதாயிக்கு. ஒப்பாரியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கூலிக்கு அழுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தத் துட்டி வீட்டிலும் ஒரு டம்ளர் காப்பிக்கு மேல் அவள் வாங்கியதில்லை. செத்தது யாராக இருந்தாலும் அவளுக்கு அழுகை வரும், அவ்வளவுதான். சர்ச்சில் உபதேசியாராக இருக்கும் செபமாலையின் தாயார் போனபோது பெட்டியை மூடுகிற வரை மாரில் அடித்துக்கொண்டு பாடினாள். பக்கீர் ராவுத்தர் வீட்டில் மகள் இறந்தபோது ஒப்பாரி வைக்கக் கூடாது என்றார்கள். சரி என்று பெண்களோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை சத்தமில்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, போன உயிர் போனதுதானே என்பாள். இதை ஒரு பெரிய ஞானமாக அவள் நினைத்ததில்லை.

அவள் புருஷன் ஆண்டியப்பன் அய்யனார் கோயில் காளையைப் பராமரித்தவன். காளைக்குச் செவலை என்று பேர். ஊர் மொத்தத்துக்கும் அது செல்லப்பிள்ளை. பள்ளிவாசல் தெருவில் வாழைப்பழம் தின்றுவிட்டு, சர்ச் தெருவில் கழனித்தண்ணி குடித்துவிட்டுத்தான் கோயிலுக்குத் திரும்பும். போன வருஷத் தையில் ஜல்லிக்கட்டு அன்று, வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆண்டியப்பனை, கூச்சலில் மிரண்ட அந்தக் காளை தூக்கி மரத்தூணில் அடித்தது. இடுப்பு போயிற்று. ஓடிவந்தவர்கள் முதலில் மாட்டின் கொம்பைத்தான் தடவிப் பார்த்தார்கள். கொம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு அவனை வண்டியில் ஏற்றினார்கள்.

பதினைந்து மாதம் படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண். ஊரிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை, செவலை மட்டும் வரும். சாயங்காலமானால் தானாக வந்து வாசலில் நிற்கும். அதற்கும் வயதாகி விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. “நான் போனா நீயும் என் பின்னாலயே வந்துருவடா,” என்று ஆண்டியப்பன் பாயில் கிடந்தபடி அதனிடம் சொல்வான். ஆசையில் சொன்ன வார்த்தை. தெருவில் போனவர்கள் காதிலும் அது விழுந்தது.

சித்திரையில் ஒருநாள் விடியக்காலம் அவன் செத்துப்போனான். மருதாயி அவன் தாடையைக் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். அந்த வீட்டில் ஆள் இல்லை. எல்லோரும் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடியிருந்தார்கள். அங்கே செவலை செத்துக் கிடந்தது.

பொழுது கிளம்புவதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆண்டியப்பன் சாபம் விட்டபடியே மாட்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டான். கிழட்டு மாடு வயதாகிச் செத்தது என்று சொல்ல அத்தனை பெரிய ஊரில் ஒரு வாய் இல்லை.

மருதாயிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. தம்பி கணபதி கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ் ஏறியிருந்தான். பாடையைத் தூக்க ஒரு தோள் அது. இன்னும் மூன்று வேண்டும். சித்திரை வெயிலில் புண் வைத்த உடம்பு தாங்காது, பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு ஊர்த்தலைவர் அம்பலம் ரெங்கராஜ் வந்தார். துட்டி கேட்க வருகிறார் என்று அவள் எழுந்து வழி விட்டாள். அவர் படியேறவில்லை.

“மருதாயி, மந்தைக்கு வா. செவலைக்கு நீ பாடாம எப்புடி எடுக்கிறது?”

“அம்பலம், வீட்டுல அவுக கெடக்காக.”

“தெரியுது. அவன் சொன்ன சொல்லுக்குப் பயலுக கொதிச்சுப்போயி நிக்கிறாங்க. நீ வந்து அழுதீன்னா அடங்கிரும். மாட்டை அடக்கம் பண்ணிட்டு ஆளுகளை அனுப்புறேன்.”

“மூணு பேரு போதும். தம்பி வாரான்.”

“அனுப்புறேங்கிறேன்ல.”

அவள் புருஷன் மேல் போர்வையை இழுத்துவிட்டு, நாய் நுழையாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள். இப்படிப் போனதற்காக அவளைக் குறை சொல்கிறவர்கள் அந்த மூன்று தோளுக்கு ஒரு வழி சொல்லட்டும்.

மந்தையில் பந்தல், ரேடியோ செட், கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். செவலைக்குச் சந்தனம் பூசி, பட்டு வேட்டி போர்த்தி, மேலே மாலையாகக் குவித்திருந்தார்கள். மைக்கில் செபமாலை பேசினார். வாயில்லா ஜீவனுக்கு இரங்குவதைத்தான் எல்லா வேதமும் சொல்கிறது என்றார். பக்கீர் ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரக்கமில்லாதவன் தொழுது என்ன பிரயோஜனம் என்றார். கருணைக்கு நம்ம ஊரை விட்டால் வேறு ஊர் கிடையாது என்று அம்பலம் முடித்தார். புதுக்கோட்டையிலிருந்து வந்த யூடியூப்காரன் எல்லாவற்றையும் படம் பிடித்தான். சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மருதாயி மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டாள்.

“பதினஞ்சு மாசம் படுத்தியே – ஒன்னப்
பாக்க ஒரு நாதி இல்லையே
ஓடித் திரிஞ்ச காலு ரெண்டும் – என் ராசா
ஒணந்த வெறகாக் கெடந்துச்சே”

கூட்டம் குலுங்கிக் குலுங்கி அழுதது. மாட்டுக்குக் கால் நாலு என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அவள் வேண்டுமென்றே பாடினாளா, தானாக வந்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தன் புருஷனுக்கு ஊர் கூடி அழுவதை அந்த அரைமணி நேரம் அவள் கண்ணால் பார்த்தாள்.

குளக்கரையில் ஜேசிபியால் குழி தோண்டி செவலையைப் புதைத்தபோது மணி மூன்று தாண்டிவிட்டது. மருதாயியின் போன் அடித்தது. “அக்கா, நான் மட்டுந்தான் நிக்கிறேன். வாடை வர ஆரம்பிச்சிருச்சு,” என்றான் கணபதி.

அவள் படித்துறைக்கு ஓடினாள். அம்பலம் குளித்து முடித்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“ஆளு அனுப்புறேன்னீங்களே.”

“குளிச்சாச்சே மருதாயி. ஒரு துட்டிக்குக் குளிச்ச தலையோட அன்னைக்கே இன்னொரு பொணத்தத் தொடக் கூடாது. ஒனக்குத் தெரியாததா?”

தெரியும். அந்த வழக்கத்தை அவளை விட நன்றாக அறிந்தவர் யார்? மந்தையில் உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவரிடம் மேலே எதுவும் கேட்காமல் கரையைப் பார்த்தாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் காய்ந்த தலையோடு நின்றிருந்தார்கள். செபமாலை வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இந்த வழக்கமே கிடையாது. மருதாயிக்கு உயிர் வந்தது.

“குளிக்காதவுக வாங்கய்யா,” என்று கும்பிட்டாள். “மூணே பேரு வாங்க. ஒரு எட்டுல கொண்டுபோய் வச்சிட்டு வந்துரலாம்.”

செபமாலை தண்ணீரைப் பார்த்தார். பிறகு மடித்த சட்டையைப் படியில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று இறங்கி ஒரு முங்கு முங்கி எழுந்தார். ராவுத்தர் சற்று நின்றார். மூக்குக்கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றி, செபமாலையின் சட்டைக்கு மேல் வைத்துவிட்டு, கைலியோடு இறங்கினார். அதன்பின் மிச்சம் நின்றவர்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். படித்துறையில் இடம் கிடைக்காத ஒருவன் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவசர அவசரமாகத் தன் தலையில் ஊற்றிக்கொண்டான்.