குக்கரில் வெந்த கேக்

வெனிலா எசன்ஸ் மூடியைத் திறந்ததுதான் தாமதம், சிதம்பரத்து வாடகை வீட்டிலிருந்து பழைய கடலூர் சமையலறைக்கே போய்விட்டேன். எனக்கு அப்போது ஏழு வயது. பெற்ற தகப்பனே என்றாலும், மூன்று வருடம் கழித்து சவூதியிலிருந்து வந்திருந்த அத்தா எனக்குப் புது ஆள். இரண்டு நாளாகியும் அவரிடம் பேசாமல் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

அவருக்காக அம்மா குக்கரில் கேக் வைத்தாள். அடியில் வெறும் மணலைப் பரப்ப வேண்டிய இடத்தில், தினமும் இட்லி வைக்கிற கைப்பழக்கத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். கேக் வெளுத்து, ஈரமாக வந்தது.

“என்னா புள்ள, இது கேக்கா இட்லியா?” என்று அத்தா சிரித்தார். அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. “கேக்குதான்! எங்கம்மா செஞ்சது!” என்று கத்தினேன்.

“அட, பேசுதே! அப்ப நீயே வந்து ஊட்டு, ஒத்துக்கறேன்.”

போய் ஊட்டினேன். அதற்குப் பிறகு அவர் மடியை விட்டு இறங்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே கிளம்பிவிட்டார்.

இப்போது சவூதி வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்துவிட்டார். அவருக்காக இன்று நான் கேக் வைத்திருக்கிறேன். “இன்னும் வேகலையாம்மா?” என்று கூடத்திலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்.

“பத்து நிமிஷம் அத்தா!”

காத்திருக்கட்டும். இனி அவர் பிடிக்க வேண்டிய விமானம் எதுவும் இல்லை.