அக்கா வேண்டாமென்று சொன்ன சாயங்காலம்

எதிர்வீட்டுப் பெண் நேற்று ஒரு நாவலோடு வந்து நின்றாள். ஃபார்ம் ஃபோர், அதாவது பத்தாவது, படிக்கிறாள். "பாட்டி, இந்தக் கதையிலேர்ந்து எங்க வயசுப் பிள்ளைங்க என்ன கத்துக்கலாம்னு டீச்சர் எழுதச் சொல்றாங்க. கஷ்டம்லா, நீங்க சொல்லுங்க" என்றாள். வாங்கிப் புரட்டினால், சின்ன வயதில் நானும் அக்காவும் வாசித்த மில்காரர் மகள் கதை! தூக்கிவாரிப் போட்டது. "தைரியம்னு எழுதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

அவள் புத்தகத்தில் பசை வாசனை. எங்களுடையதில் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். சீமைக்குத் திரும்பிய மிஷன் பள்ளி மிஸ்ஸியம்மா, பெட்டியைக் காலி செய்யும்போது எனக்குக் கொடுத்தது. முப்பதுகளின் தொடக்கம், எனக்குப் பதின்மூன்று வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன், ஆங்கிலம் படிக்க வராது. கறுப்பு அட்டை, கொடுத்ததோ மிஸ்ஸியம்மா; ஆகவே அது பக்திப் புத்தகம் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். நாங்கள் ஏன் வாயைத் திறக்கிறோம்?

சாயங்கால ஜெபம் முடிந்ததும் வாசிப்பு. ஞானம் அக்கா அப்பாவின் சட்டைகளுக்குப் பெட்டி போட்டுக்கொண்டே கேட்பாள். அவளுக்குப் பதினேழு வயது. வீட்டு வேலைக்காக நாலாவதோடு நிறுத்தப்பட்டவள். நான் வரிக்கு வரி தமிழாக்கிச் சொல்வேன். எனக்குத் தெரிந்த பெரிய தமிழ் வேதாகமத் தமிழ்தான். அதனால் கதையில் வரும் அந்த வெள்ளைக்காரப் பெண் எங்கள் வீட்டில் தீர்க்கதரிசி மாதிரி பேசினாள். பணக்காரக் கிழவனைக் கட்டிக்கொள்ளச் சொல்கிற அப்பனிடம், "தகப்பனே, எனக்கு இதில் சித்தமில்லை" என்றாள். நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்த எங்கள் அப்பா, "ஸ்தோத்திரம்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டாள்.

அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாள். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. அப்பா சாப்பிடும்போதுகூட வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். கிள்ளானிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், அக்காவின் வயதைப் போல இரண்டு பங்கு. "எனக்கு வேலை போச்சுன்னா உங்களை எங்க கொண்டுபோய் வைப்பேன்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்தார்கள். அக்கா கோப்பித் தட்டை மேசைமேல் வைத்தாள். உள்ளே போகவில்லை. நேராக நிமிர்ந்து நின்று, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள்.

புத்தகத்தில் இந்த இடத்தில் கூடமே அடங்கிப்போகும். அப்பன் முகம் வெளுத்துவிடும்.

மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "வேணாம்னு சொல்லாத பொண்ணு ஏது? நானும் இப்படித்தான் அழுதேன். நல்ல வளர்ப்பு!"

"இல்லைங்க, நெசமாவே வேணாம்."

சிரிப்பு இன்னும் கூடியது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அடுத்த வரியை நான் எடுத்துக்கொடுப்பேன் என்பதுபோல. வேண்டாமென்று சொல்லத்தான் அந்தக் கதை கற்றுக்கொடுத்திருந்தது. கேட்டவர்கள் சிரித்தால் என்ன செய்வதென்று எந்தப் பக்கத்திலும் இல்லை. யாரோ கோப்பிக்குச் சர்க்கரை கேட்டார்கள். அக்கா போய் எடுத்து வந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவும் நானும் கிள்ளானுக்கு ரயிலில் போனோம். மூன்று அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. புத்தகத்தையும் எடுத்துப் போயிருந்தேன். அக்கா மடியில் மூத்தாள் பெற்ற சின்னவனை வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் குடிகாரர் இல்லை, கை நீட்டுபவரும் இல்லை. குறை சொல்லக்கூட ஒன்றுமில்லாத வீடு. புத்தகத்தைப் பிரித்தேன்.

"வேணாம்டி. அவளுக்கு நல்லாத்தான் முடிஞ்சிருக்கும்" என்றாள் அக்கா.

ஜப்பான்காரன் ஆண்ட யுத்த காலத்தில், மருந்து கிடைக்காமல், அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது அண்ணாந்து பார்க்கிற மாதிரி கட்டடங்கள். அப்பா, அம்மா, கோப்பி குடித்துச் சிரித்தவர்கள், எல்லோரும் போய்விட்டார்கள். அவள் வேண்டாமென்று சொன்னதைக் கேட்டவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். நானும் போய்விட்டால், அவள் அதைச் சொல்லவே இல்லை என்றாகிவிடும்.