வைக்காமல் திரும்ப எடுத்த குடை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாத மழையில், பூதப்பாண்டியிலிருந்து என் ஐந்து வயது மகளைத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தோம். பிறவியிலேயே அவள் இதயத்தில் ஓட்டை. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குடை மாதிரி ஒன்றை வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கணவர் துபாயில். அண்ணன்தான் துணை. சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள், முடியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். கணவர் போன் மேல் போன். ஒவ்வொரு தடவையும் “இன்னும் முடியல” என்றேன்.

கடைசியில் டாக்டர் வந்தார். “குழந்தை நல்லா இருக்கு. ஆனா குடையை வைக்கல. வச்சுப் பாத்துட்டுத் திரும்ப எடுத்துட்டேன்.”

அண்ணன் கொதித்துவிட்டான். “பின்ன என்னத்துக்கு டாக்டரே பிள்ளைய உள்ள கொண்டு போனிய?”

அவர் கோபப்படவில்லை. ஓட்டையின் ஒரு பக்கம் குடையைப் பிடித்துக்கொள்ள விளிம்பு போதவில்லையாம். “குழாயிலேருந்து விடுறதுக்கு முன்னாடி லேசா இழுத்துப் பாத்தேன், ஆடுச்சு. இன்னைக்கு நிக்கும். நாளைக்கு ஓடி விளையாடும்போது நழுவிட்டா? ஆபரேஷன்தான் இவளுக்குப் பத்திரம்.”

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இவருக்குக் கைப்பழக்கம் இல்லையோ என்றுதான் தோன்றியது. கணவரும் போனில் அதையே கேட்டார்: “வேற எடம் பாப்பமா?”

மயக்கம் தெளிந்ததும் மகள் காலை உதறினாள். குழாய் போட்ட இடத்தில் ரத்தம் வந்துவிடக் கூடாது என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். “அனங்காத கெட மக்களே” என்று அவளை அசையவிடாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கை மரத்தது, ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து அலையத் தெம்பில்லாமல் வேறு இடம் பார்க்கவில்லை. ஓணம் கழிந்து அங்கேயே ஆபரேஷன் நடந்தது. முடித்துவிட்டு வந்த அறுவை மருத்துவர் சொன்னார்: “அந்தப் பக்கம் விளிம்பே இல்லம்மா. குடையை விட்டிருந்தா நிச்சயம் நழுவியிருக்கும். நல்ல வேளை, அவர் விடல.” அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

இப்போது அவள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த டாக்டர்தான் நினைவுக்கு வருகிறார். தொடங்கியதை முடித்துப் பேர் வாங்குவதைவிட, பாதியில் நிறுத்தி எங்கள் ஏச்சை வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.