வீரய்யாவின் சம்மதம்

நடக்காமல் இருக்க முடியாத ஒருவர், தன்னை நடக்க வைக்கும் சிகிச்சையை மறுத்தால் அதற்கு என்ன பொருள்? திருமயத்துக் கல்யாணத் தரகர் வீரய்யாவை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வருகிறது.

எழுபதைத் தாண்டியும் அவர் எந்த வீட்டிலும் நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்ததில்லை. விளிம்பில் தொற்றியபடி பேசுவார். அடுத்த ஊரில் ஒரு மாப்பிள்ளை காத்திருப்பான். அவரை உயர்ந்த மனிதர் என்று சொல்வதற்கில்லை. மாப்பிள்ளைகளின் வயதைக் கூசாமல் குறைத்துச் சொல்வார். ஆனால் காலில் சோம்பல் இருந்ததில்லை.

ஒரு மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போனவர் வழுக்கி விழுந்தார். இடது கால் வெளிப்பக்கம் திரும்பிக் குட்டையாகத் தெரிந்தது. உறவினர்கள் நேராகக் கட்டுப் போடும் வைத்தியரிடம் தூக்கிப் போனார்கள். இளமையில் அவருடைய ஒடிந்த கை அங்கேதான் கூடியது. கை கூடியதுபோல் இடுப்பும் கூடும் என்று எல்லோரும் நம்பினார்கள். மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு, துணி. வலி குறையவில்லை. படுத்தே கிடந்ததில் முதுகு சிவந்து நெஞ்சில் சளி கட்டியபோது, மகள் மணிமேகலை அவரைப் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாள்.

"தொடை எலும்போட கழுத்து ஒடிஞ்சிருக்கு. கட்டுக்கெல்லாம் இது சேராது," என்றார் டாக்டர் ரகுநாத். "எலும்போட தலைப் பக்கத்தை எடுத்துட்டு உலோகத்துல செஞ்சத வைக்கணும். மறுநாளே நிக்க வச்சிரலாம். இப்படியே கிடந்தா சளியே ஆளக் கொண்டுபோயிரும்."

"கட்டே இருக்கட்டுங்க. கத்தி வேணாம்," என்றார் வீரய்யா.

மணிமேகலை கெஞ்சினாள், அழுதாள். அவர் கைகள் மட்டும் ஓயாமல் போர்வையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தன. ஃபேனைக் கூட்டச் சொல்வார். உடனே குறைக்கச் சொல்வார். சாயங்காலம் பழைய கூட்டாளி அடைக்கலம் வந்தார்.

"ஏம்ப்பா, எத்தன பேரச் சம்மதிக்க வச்சிருப்ப! ஒன்னையச் சம்மதிக்க வைக்க நான் எந்தத் தரகனக் கூட்டியாறது?"

"போடா அங்கிட்டு."

மறுநாள் காலை மணிமேகலை காப்பி வாங்கி வந்தாள். அவர் டம்ளரைத் தள்ளினார்.

"குடிங்கப்பா, ஆறிரும்."

"ஆபரேசனுக்கு வெறும் வயித்தோட இருக்கணும்ல? டாக்டரக் கூப்பிடு."

எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கியது பலித்தது என்று டாக்டர் நினைத்தார். தன் கேலிதான் என்றார் அடைக்கலம். மணிமேகலை தன் கண்ணீரை நம்பினாள். வீரய்யா யாரையும் மறுக்கவில்லை. காரணத்தை அன்றும் சொல்லவில்லை, கைத்தடியோடு மறுபடி ஊர் சுற்றக் கிளம்பிய பிறகும் சொல்லவில்லை.