குளிர்ச் சீமைக்கு இருபது கிலோ

1979 டிசம்பர், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலத்தில் வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி போகும் பஸ்ஸைப் பிடித்தேன். கட்டணம் பத்து ரூபாய் சொச்சம். மடியில் ஒரு கம்பளி, விலை நாற்பத்தைந்து ரூபாய். ஏற்காட்டுக் காற்றில் பழகிய எனக்கே அதைப் போர்த்தினால் வியர்த்துக் கொட்டும். வாங்கியது எனக்காக இல்லை, தம்பி மனைவி அற்புதத்துக்காக.

தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறான். நாங்கள் பிறந்த புதுச்சேரிப் பக்கத்தில் அப்படி ஊருக்கு நாலு பேர் உண்டு, பிரெஞ்சில் சிப்பாய்க்கு உள்ள பெயரால் 'சொல்தா' என்றால்தான் அடையாளம் தெரியும். போன வருஷம் அற்புதத்தையும் மகள் ரோசலியையும் தன்னோடு அழைத்துப் போனான். அங்கே அவள் பார்த்தது ஒரே ஒரு குளிர்காலம். அக்டோபரில் அவளுடைய அப்பா இறந்தபோது, குழந்தையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். வந்தவள் திரும்பவில்லை. டிக்கெட்டை இரண்டு முறை தள்ளிப்போட்டாகிவிட்டது. மூன்றாவது டிக்கெட் வருகிற வியாழக்கிழமைக்கு.

தம்பி டிரங்க் கால் போட்டான். நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்ப்பவள், அழுகிற குரல் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆனால் அது சொந்தத் தம்பியின் குரல். "இந்த வாட்டியும் வரலன்னா ரோசலிய இட்டாந்து அவகிட்டயே வுட்டுட்டு நான் மட்டும் திரும்பிடறேன்க்கா. புள்ள அம்மா அம்மான்னு ஏங்கிப் போச்சி." அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன். இவளை விமானம் ஏற்றாமல் நான் சேலம் திரும்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

பதினொன்றரை மணிக்கு வில்லியனூரில் இறங்கினேன். அற்புதத்தின் தாய்வீடு அங்கிருந்து மேற்கே இரண்டு மைல். குதிரை வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் மூங்கிலில் கட்டிய காகித நட்சத்திரம் தொங்கியது. அற்புதம் வீடு துக்க வீடு, அங்கே மட்டும் இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்தத் தெருவில் பகலில் கதவு சாத்தினால் என்னமோ ஏதோ என்று நாலு பேர் ஓடி வருவார்கள்.

"வா அண்ணி. உன்ன அவரு அனுப்பினாரா?" என்றாள் அற்புதம்.

"குளிர் என்னை அனுப்பிச்சு. உனக்கும் அதுக்கும் ஆகலையாமே, பஞ்சாயத்துப் பண்ணலாம்னு வந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. நானும் விடவில்லை. கையைக் கழுவிவிட்டு ஆரம்பித்தேன். குளிர் மாதத்தைச் சமாளிக்க நம் வீடுகளில் இல்லாத வழியா? சாயங்காலம் நாலு மணிக்குச் சுக்குக் காப்பி. ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலில் நல்லெண்ணெய். தலைக்குக் குளித்தால் சாம்பிராணிப் புகை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றையும் வெட்டினாள்.

"சாம்பிராணி போட்டா பொகை எங்க போவும் அண்ணி? அங்க சன்னலு தொறந்தா ஐஸு. காப்பியும் எண்ணெயும் நானே பண்ணிப் பாத்துட்டேன். மூணு ஸ்வெட்டரு கீது."

"பின்னே என்னடி குறை?"

"ஒரு குறையும் இல்ல. நான் போவல."

கல்லுளிமங்கி. நானும் லேசுப்பட்டவள் இல்லை. விமானத்தில் இருபது கிலோ அனுமதி, இருபது கிலோவையும் நிரப்பிவிட்டுத்தான் மறுபேச்சு என்றேன். கம்பளியைப் பெட்டியின் அடியில் விரித்தேன். ஒரு கிலோ சுக்குத்தூள், எள்ளுருண்டை, மிளகு எல்லாம் அதன்மேல் ஏறின. பச்சை மொச்சை பாகூரில் அவள் பள்ளித் தோழி கனகா வயலில் காய்த்துக் குலுங்குகிறதாம். உரித்து வேகவைத்துக் காயவைத்தால் ஒரு மாதத்துக்கு வரும். போய் வாங்கி, அப்படியே தோழியிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்றேன்.

"போறேன்னு நான் இன்னும் சொல்லவே இல்ல, சொல்லிக்கினு வர்றதாம்" என்றாள். ஆனாலும் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடித்து ஒன்பதே காலுக்கு வில்லியனூரில் பாகூர் பஸ். கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பதினாறு கிலோமீட்டர் இருக்கும், தலைக்கு எழுபது காசு. இருபுறமும் கதிர் வாங்கிய நெல். வேலியோரமெல்லாம் ஊதா நிற டிசம்பர் பூ. மணம் இல்லாத பூ, ஆனால் இந்த மாதத்தை விட்டால் கிடைக்காது. பஸ் நின்ற இடத்தில் ஒரு முழம் வாங்கினேன். துக்கம் என்று அவள் வைத்துக்கொள்ளவில்லை, நான் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் மீன் கூடையோடு ஒரு அம்மாள் இருந்தார். கடற்கரைக் குப்பத்துக்காரர். "எந்தூரும்மா?" என்று கேட்டார். நான் சேலம் என்றேன். அற்புதத்தைக் காட்டி "இவ பிரான்சு" என்றேன்.

"அங்க இன்னா மீனு கெடைக்கும்?"

"டப்பாவுல இருக்கும்" என்றாள் அற்புதம்.

"யாராண்ட வாங்குவ?"

"யாராண்டயும் இல்ல. நாமளே எடுத்துக்கினு போயி துட்டு கட்டணும்."

"யாரும் பேச மாட்டாங்களா?" அந்த அம்மாள் உண்மையிலேயே திகைத்துப் போனார். அற்புதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாகூர் ஏரிக்கரை தெரியும் மட்டும் அவள் முகம் இந்தப் பக்கம் வரவில்லை.

கனகாவின் வீட்டில் அன்று பகல் முழுக்க மொச்சை உரித்தோம். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் தாழ்ப்பாள் நிற்காது. அற்புதம் தானாகவே பேசினாள்.

"அங்க போன புதுசுல வாசக்கதவத் தொறந்தே வெச்சிருந்தேன் கனகா. நாம புதுசா வந்திருக்கோம், அக்கம்பக்கத்துல யாராச்சும் எட்டிப் பாப்பாங்க, வாங்கன்னு கூப்பிடலாம்னு. ரோசலி வாசலாண்டதான் வெளையாடிக்கினு கெடக்கும். தெனமும் எதிர்வூட்டுக்காரி வந்து கதவச் சாத்திட்டுப் போவா. நான் தொறப்பேன், அவ சாத்துவா. ஒரு நாள் என்னப் பாத்துக்கினே சாத்தினா. அத்தோட நானே சாத்திட்டேன். அந்தக் குளிர் பூரா ஒரு ஆளு என் கதவத் தட்டல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்ன திமிர்!" என்றேன். கம்பளியும் சுக்கும் சுமந்து வந்த என் புத்தியை நினைத்தால் அழுகையாக வந்தது. மூஞ்சியில் கதவு சாத்துகிற ஊருக்கு இவளை எந்த வாயால் போ என்பது? அன்றைக்கு நான் கங்கணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ராத்திரி கனகா வீட்டிலேயே தங்கினோம். திங்கள் காலை ஆறு மணி. பனி எதிரில் வருகிற ஆளை மறைத்தது. ஊர்க்கோடிக் கொல்லையில் பனங்கிழங்கு பாத்தி போட்டிருக்கிறேன், பிடுங்கித் தருகிறேன் என்று கனகா கடப்பாரையோடு முன்னால் நடந்தாள். நாங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போனோம். நாலு வீடு தாண்டியதும் ஒரு வீட்டின் கதவு திறந்து கிடந்தது. கனகா படியேறினாள். யாரையும் கூப்பிடாமல், கேட்காமல், கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கினாள்.

அற்புதம் அப்படியே நின்றாள். "இன்னாத்துக்குச் சாத்துன?"

"உள்ள பச்சப் புள்ள கெடக்குதுடி. பனி பூந்தா நெஞ்சு கட்டிக்கும். அம்மாக்காரி தண்ணிக்குப் போவும்போது தொறந்து போட்டுட்டுப் பூடுவா. தெனமும் நான்தான் சாத்தறேன்."

"கோச்சிக்க மாட்டாளா?"

"பாத்தும் சாத்தாமப் போனாதான் கோச்சிக்குவா. இன்னாடி கேள்வி இது?"

அற்புதம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "ரோசலி கால்ல அன்னிக்கு சாக்ஸு கூட இல்ல அண்ணி" என்றாள். பிறகு நடுத்தெருவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கனகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, ஒரு வருசமா புள்ளையக் காப்பாத்தனவ மேல கோவமா இருந்தியா? அவ வரலன்னா நீ போயிருக்கலாமில்ல?"

"புதுசா வந்தவங்களத்தான் மத்தவங்க வந்து பாக்கணும்னு இருந்துட்டேன்."

"அந்தூர்ல புதுசா வந்தவங்கதான் போயிப் பாக்கணுமோ இன்னாவோ, யாரு கண்டா" என்றாள் கனகா. கடப்பாரையை அற்புதத்தின் கையில் கொடுத்தாள். ஐம்பது கிழங்கையும் அற்புதமே பிடுங்கினாள். சந்தையில் இருபத்தைந்து கொண்ட கட்டு ஒரு ரூபாய்க்கு விற்கிறது. கனகா காசு வாங்கவில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு வில்லியனூர் திரும்பிப் பெட்டி கட்ட உட்கார்ந்தோம். அற்புதம் முதல் காரியமாக என் கம்பளியை உருவி வெளியே போட்டாள். அப்புறம் சுக்குத்தூள். அந்த இடத்தில் மண் உதறிய பனங்கிழங்கை அடுக்கினாள்.

"ஏண்டி, குளிருக்கு வாங்கினதை எடுத்துப்போட்டுட்டு இது எதுக்கு?"

"இதுவும் குளிருக்குத்தான் அண்ணி. எதிர்வூட்டுக்கு."

"அவளுக்கு இது என்னன்னே தெரியாதே. அப்படியே குடுக்கணும்னாலும் வேகவச்சுக் காயவச்சு எடுத்துட்டுப் போ. பாதி கனம்கூட இருக்காது."

அற்புதம் அடுக்குவதை நிறுத்தவில்லை. "வெந்தத எடுத்துக்கினு போனா வாசல்லயே வாங்கிக்கினு மெர்சி, நன்றின்னு அனுப்பிடுவா. பச்சையா குடுத்தா அவளுக்கு இன்னா பண்றதுன்னு தெரியாது. நான்தான் உள்ள போயி வேகவெக்கணும். உரிச்சி, நாரு எடுத்து, எப்பிடித் தின்றதுன்னு காட்டணும். அதுக்குள்ள ஒரு சாயங்காலம் பூடும் இல்ல?"

பெட்டி மூடவில்லை. நான் மூடிமேல் ஏறி உட்கார்ந்தேன், அவள் பூட்டினாள்.