வெளித்தாழ்ப்பாள்

பிளாஸ்டிக் கருகும் வாசனை எங்கே வந்தாலும் என் கால்கள் இன்றும் கதவைத் தேடுகின்றன.

போச்சம்பள்ளிப் பக்கம், எங்கள் மாந்தோப்பில் தகர அறை போட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஓரிடத்தில் உட்காராத மனசு எனக்கு. ரோட்டில் போகும் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டாலே எழுந்து நடப்பேன். அதனால் சுவர், ஜன்னல் எல்லாவற்றையும் தெர்மாகோல் ஒட்டி அடைத்தேன். தொந்தரவென்று போனையும் வீட்டிலேயே வைத்துவிடுவேன். டீ கொண்டுவரும் என் மனைவி செல்வி, ஆடு நுழைந்து ஒயரைக் கடிக்கிறதென்று, போகும்போது வெளியே தாழ்ப்பாள் போடுவாள். எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

அன்று மீட்டிங்கின் நடுவே மேஜைக்கடியில் யுபிஎஸ் புகைந்தது. கதவை இடித்தேன், கத்தினேன். நான் அடைத்த சுவர் என் குரலையும் வெளியே விடவில்லை. மூச்சு முட்டியது. லேப்டாப்பைப் பார்த்துக் கதறினேன்: "மஞ்சு, செல்விக்குப் போன் போடு! கதவைத் திறக்கச் சொல்லு!"

கூட வேலை பார்க்கும் பெங்களூரு மஞ்சுநாத், வருஷாவருஷம் செல்வியிடம் மாம்பழம் வாங்குகிறவன். போனை எடுத்தவள், "மல்கோவா இன்னும் பழுக்கலைங்க" என்றாளாம்.

"பழம் பேடம்மா, வேண்டாம்! ஓடிப்போய் ஆபீஸ் ரூம் கதவைத் திறங்க!" என்று அலறியிருக்கிறான்.

கதவு திறந்ததும் இருமிக்கொண்டே அவள் மேல் விழுந்தேன்.

மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றினேன், ஜன்னலைத் திறந்தேன். போன் இப்போது மேஜைமேல் இருக்கிறது. ஹாரன் கேட்டால் கேட்கட்டும். இன்றும் டீயை வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்தபடி செல்வி சொல்லிவிட்டுப் போனாள்: "ஆடு உள்ள வந்தா வரட்டும். நீங்க வெளிய வரணும்ல?"