நான்கு டிஸ்க்குகளும் ஒரு சிவப்பு நூலும்

செய்தி வந்தபோது நான் கச்சிபௌலியில், அசையாத கம்பெனி பஸ்ஸில், ஒரு பல்லி போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பழைய அலுவலகத்து மூர்த்திதான் அழைத்தான். பிலோமினா மேடம் காலையில் இறந்துவிட்டார், இதயம், ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியவில்லை என்றான். நாற்பத்தாறு வயது. எந்தச் செய்திக்கும் ஒரு வேடிக்கை சொல்லாமல் விடாதவன் நான், பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

வீடு சேர்வதற்குள் பழைய அலுவலகத்தின் மின்னஞ்சல் குழுவில் ஏழு இரங்கல் வந்துவிட்டது. ஐந்தில் ஒரே விஷயம்: நான்கு ஹார்ட் டிஸ்க்கை ஒரே நொடியில் வறுத்தெடுத்த நம் பிலோமினா. எல்லாம் பிரியமாகத்தான். அதைப் படித்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் மூட்டைப்பூச்சியா என்று மனைவி கேட்டுவிட்டாள். இதைக்கூட ஃப்ரிட்ஜ் மேல் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

பேகம்பேட் அலுவலகத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னும் அஸ்திவாரம் தோண்டாத அடுக்குமாடிகளை, கட்டி முடித்துக் குடியேறிவிட்ட மாதிரி கணினியில் படமாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். அதற்கான பெரிய கணினிகளைக் கோத்து, ஓட்டி, பராமரித்தவர் பிலோமினா. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். நான் அங்கே மென்பொருளுக்குக் கையேடு எழுதினேன். யாரும் படிக்காததை எழுதிச் சம்பளம் வாங்கிய நான், பிறர் எழுதிய கையேட்டை ஒரு நாளும் படித்ததில்லை. கதையே அதுதான்.

என் மேஜை அவர் அறைக்கு எதிரே. வேலை செய்வதைவிட வேடிக்கை பார்ப்பதற்கு வசதியான இடம். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் பவர் சப்ளை; அதில் மாடுலர் என்று ஒரு வகை வந்த புதிது. பழைய சப்ளையில் எல்லா வயரும் பெட்டியோடு ஒட்டிப் பிறந்தே வரும். இதில் வேண்டிய வயரை மட்டும் நாமே மாட்டிக்கொள்ளலாம். ஒருநாள் அவர் அந்த வயர்களைப் பரப்பி வைத்தபோது, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்கிற தோரணையில் சொன்னார்:

"இது பெருசு, இருபத்தினாலு முள்ளு, மதர்போர்டுக்கு. இந்த எட்டு முள்ளு ப்ராசஸருக்கு. இன்னொரு எட்டு இருக்கு பாருங்க, ஆறும் ரெண்டுமா பிரியும், அது கிராபிக்ஸ் கார்டுக்கு. அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். மாத்திக் கூப்ட்டா ரெண்டுமே கோச்சுக்கும்."

தட்டையான தலை வரிசையாகத் தொங்குவது டிஸ்க்குகளுக்கு. எதையும் மாட்டும்போது காதைக் கிட்டே கொண்டுபோவார். "க்ளிக்குனு சொல்லணும் சார். சொல்லலன்னா முழுசா உக்காரல. உக்காந்த மாதிரி நடிக்குது." அலுவலகத்தில் பாதிப் பேர் அப்படித்தானே என்றேன். ஹவ், ஹவ் என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டு, தலையாட்டிச் சிரித்தார்.

அவரிடம் எனக்குப் பொறுக்காத பழக்கம் ஒன்று இருந்தது. ஒரு சப்ளை செத்துப்போனால் அதன் வயர்கள் எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டிவைப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றையும் துண்டாக்கிவிட்டுத்தான் குப்பையில் போடுவார். புத்தம்புது வயர்கள். தீர்ந்த பேனாவின் மூடியைக்கூடப் பத்திரப்படுத்துகிற குடும்பத்தில் வந்தவன் நான். பாவம் மேடம், வேறு சப்ளைக்கு ஆகுமே என்றேன்.

"நக்கோ சார், வேணாம். டிஸ்க்ல மாட்ற பக்கம் ஊருக்கெல்லாம் பொது. சப்ளைல மாட்ற பக்கம் அவனவன் இஷ்டம். மூஞ்சி ஒண்ணா இருக்கும், கச்சிதமா உக்காரும், உள்ள கம்பி வேற. அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னெண்டு போவும்."

கேட்டேன். தலையாட்டினேன். அவர் டீக்குப் போனதும் நான்கு தலை வைத்த வயர் ஒன்றைச் சிவப்பு நூலோடு எடுத்து என் டிராயரில் போட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்துப் புதுக் கணினி ஒன்று தயாரானது. ஒரு பெரிய கட்டுநருக்கான மூன்று வாரப் படங்கள், அவற்றின் நகல், எல்லாம் நான்கு டிஸ்க்கில். நான்கையும் அதற்குள் பொருத்தியாயிற்று. ஆனால் புது சப்ளையின் பெட்டியில் டிஸ்க்குக்கான வயரை மட்டும் காணோம். கடைக்காரன் கைவரிசை. பிலோமினா அதே கம்பெனி வயர் வாங்க செகந்திராபாத் புறப்பட்டார். எம்.டி. நிமிஷத்துக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்தார். சாப்பாட்டு நேரம், எல்லோரும் மாடிக்குப் போய்விட்டார்கள். என் டிராயரில் வயர் இருந்தது. பிலோமினா திரும்புவதற்குள் ஓட வைத்து அசத்திவிடலாம் என்று என் மூளைக்குத் தோன்றியது.

மாட்டினேன். க்ளிக் என்றது. சுவிட்சைப் போட்டேன். சின்னதாக ஒரு சத்தம், பிறகு ஒரு வாடை. வயரைப் பிடுங்கினேன், டிராயரில் திணித்தேன், ஜன்னலைத் திறந்தேன், மாடிக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டேன். ஊறுகாயை இரண்டு தடவை கேட்டு வாங்கியதாக ஞாபகம்.

இரண்டு மணிக்கு அவர் வந்து, எல்லோரும் சூழ்ந்து நிற்க, சரியான வயரை மாட்டி சுவிட்சைப் போட்டார். நான்கு டிஸ்க்கும் பிணம். எல்லோரும் பார்த்தது அதைத்தான்: அவர் கை, அந்த சுவிட்ச்.

அவர் ஒரு டிஸ்க்கைக் கழற்றித் திருப்பி முகர்ந்தார். பெட்டியின் அடியில் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். எம்.டி. கத்த ஆரம்பித்தார். நான் மூன்றாவது வரிசையில், நேற்றுப் பிறந்தவனைப் போல நின்றேன். என் மெஷின், நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார் பிலோமினா. அடுத்த மாதம் அவருக்கு வரவிருந்த பொறுப்பாளர் பதவி வேறொருவருக்குப் போனது.

அன்று மாலை என் மேஜைக்கு வந்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூலை வைத்தார்.

"டிராயர்ல இருக்கறத வீட்ல எதுலயும் மாட்டிறாதீங்க சார். வெட்டிப் போட்ருங்க."

அவ்வளவுதான். அதன் பிறகும் எனக்கு டீ சொன்னார், என் மொக்கைகளுக்குச் சிரித்தார். திட்டியிருந்தால் நான் ஒழுங்காகத் தூங்கியிருப்பேன்.

சில மாதத்தில் வேறு வேலைக்குப் போனார். வழியனுப்பு விழாவில் பேசியவன் யார்? அடியேன்தான். "வறுத்தெடுத்த பிலோமினா" என்ற சொல்லை உருவாக்கி, நடித்துக் காட்டி, கைதட்டலும் வாங்கினேன். யாராவது சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னேன். முதல் வரிசையில் அவரும் சிரித்தார். லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். கதவு மூடும்போது சொன்னார்:

"நல்லா எழுதிருந்தீங்க சார். க்ளிக்கு மட்டும் கேக்கல."

அதற்கப்புறம் நான் அவரை அழைக்கவே இல்லை. இன்று அழைக்கலாம், நாளை அழைக்கலாம் என்று நான் தள்ளிப்போட்டதுதான் இந்த வருஷங்கள்.

குழுவில் இருக்கும் நண்பர்களே, தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூர்த்தி போன்றவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். அந்த நகைச்சுவையை இனி யாராவது சொல்வதானால் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். அதை எழுதியவனும் நான், எரித்தவனும் நான். பிலோமினாவின் கையில் ஒரு கணினியும் கெட்டதில்லை.

அந்த வயர் இத்தனை நாளும் என் அலமாரியில் முழுசாக இருந்தது. இன்று காலை, மனைவியின் ஆட்சேபத்தை மீறி, சமையலறைக் கத்தரியால் அதை ஏழு துண்டாக்கினேன். குப்பையில் போட்டாயிற்று. சிவப்பு நூலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.